வாள்மீன் பிடித்த அப்பா

நான் நாலாம் வகுப்பு படித்தபோது என் மாமா, அம்மாவின் தம்பி, காசிமேட்டிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் போட்டில் வேலை செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், ஐஸ் பெட்டியில் வாள்மீன் துண்டங்கள் கொண்டுவந்தார். கூட வந்த அவர் மகளின் கையில் அந்த மீனின் வாள் இருந்தது. காயவைத்துச் சுத்தம் செய்தது. அவள் இடுப்புயரம் வந்தது. என்னைவிட ஒரு வயது சின்னவள்.

தெருப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வாசலில்தான். அவள் கதை சொன்னாள். வாள்மீன், கூட்டமாகப் போகும் மீன்களுக்குள் பாய்ந்து, வாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசுமாம். வெட்டுப்பட்டு மிதப்பவற்றை அப்புறம் நிதானமாக வந்து தின்னுமாம். "எங்கப்பாதான் புடிச்சாரு. ரெண்டு மணி நேரம் கயித்த இஸ்துகினே இருந்தாரு" என்றாள். தொட்டுப் பார்க்கிறேன் என்றதற்கு, கை கழுவிவிட்டு வா என்றாள். அதுவும் என் வீட்டு வாசலில்.

அம்மா வறுத்த துண்டில் நடுமுள் மட்டும்தான். சதை ஆட்டுக்கறி மாதிரி கெட்டியாக இருந்தது. எல்லாரும் மாமாவைப் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டார்கள். அப்பாவும்தான். அவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரும்பு கடையும் லேத் வேலை செய்பவர். அவர் நகக்கண்ணில் படிந்த கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது. அன்று அந்த விரல்களைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் பள்ளியில், அந்த மீனைப் பிடித்தது என் அப்பா என்று சொல்லிவிட்டேன். போட்டு, கயிறு, இரண்டு மணி நேரம், ஒன்றையும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அப்பா கம்பெனிச் சட்டையோடு பள்ளிக்கு வந்தார். என் கூட்டாளிகள் படிக்கட்டிலேயே அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "அங்கிள், வாள்மீன் நீங்கதான புடிச்சீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"ஆமாம்பா" என்றார்.

மெரினாவில் கால் நனைக்கவே தயங்குகிறவர், நடுக்கடலில் நின்ற கதையைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். பயமாக இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். "பயமாத்தான் இருந்துச்சு. ஊட்ல பொண்ணு கீதே" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மீன் பல்லால் வலையைக் கடித்துக் கிழித்தது என்றும் சொல்லிவைத்தார்.

வளர்ந்த வாள்மீனுக்குப் பல் கிடையாது. மாமா மகளிடம் கேட்டதை நான் வகுப்பு முழுக்கப் பரப்பியிருந்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வண்டியில் திரும்பும்போது அவர் சட்டையைப் பிடிக்காமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சிக்னலில் நின்றபோது, திரும்பாமலே கேட்டார்: "தப்பா சொல்லிட்டனா?"

"அதுக்குப் பல்லே இல்ல" என்றேன்.

"அப்டியா" என்றார்.

அன்று முழுக்க அந்தப் பல்லுக்காகவே அவர்மேல் கோபமாக இருந்தேன். காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லி லீவு எடுக்கத் தெரியாத மனிதர் அவர். அப்படிப்பட்டவர் என்னை ஏன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.