நான் வாசிக்காமல் விட்ட வரி

அவருக்குப் படிக்கத் தெரியாது என்று நானாகவே முடிவு செய்து, கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினேன். அதைவிடப் பெரிய தவறு, அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியை வேண்டுமென்றே வாசிக்காமல் தாண்டியது.

வீராம்பட்டினத்திலிருந்து முதலியார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குப் பல வருடங்களாக மீன் கொண்டுவந்த அம்மா அவர். மார்பில் கட்டி என்று என் மனைவியிடம் சொன்னபோது, நான் வேலை பார்த்த மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். நோயாளிகளின் கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து, எதிர்ப்புச் சக்தி இல்லாத எலிகளின் உடலில் வைத்து வளர்ப்போம். மார்பகப் புற்று எப்படிப் பரவுகிறது என்று அவற்றில் பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. நான் விட்ட வரியில் அது இருந்தது. சொன்னால் மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்கு அந்தத் துண்டு வேண்டியிருந்தது.

எடுக்கிற சதையை என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"எரிச்சுடுவோம்மா" என்றேன்.

"சார் சொன்னா சரி."

துண்டு எலியில் நன்றாகப் பிடித்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி இரண்டு வருடம் வளர்த்தோம். அவர் குணமாகி மறுபடி கூடை தூக்கினார். சங்கரா மீனில் பெரியதாகப் பார்த்து எனக்கென்று ஒதுக்கி வைப்பார். அதை நான் என் மனைவியின் தட்டுக்குத் தள்ளிவிடுவேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம், படிவத்தின் நகலோடு அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தை வாங்கிச் சரளமாகப் படித்தார்.

"இந்த வரி அன்னிக்கே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார்."

"அப்புறம் ஏம்மா கைநாட்டு வச்சீங்க?"

"நீங்க மையை நீட்டினீங்க. அத்தினி பேரு முன்னாடி உங்களைத் தப்புன்னு சொல்லணுமான்னு வச்சேன்." காகிதத்தை மடித்துக்கொண்டே, "எலிய வச்சு வேலை செய்ய யாரையாவது கேக்கணுமா?" என்றார்.

விலங்கு ஆராய்ச்சிக்கான குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றேன்.

"எலிக்குக் கேட்டிருக்கீங்க."

மன்னிப்புக் கேட்டேன். "நிறுத்திடுங்க" என்று மட்டும் சொன்னார்.

செய்ததை மறைக்காமல் மருத்துவமனை நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தேன். எலிகளைக் கொன்று, உறைய வைத்திருந்த துண்டுகளோடு எரித்தார்கள். எங்களிடம் நன்றாக வளர்ந்தது அது ஒன்றுதான். கூட வேலை பார்த்தவர்கள் என்னோடு பேசுவதை விட்டார்கள்.

எரித்ததற்கான சான்றை, மீன் கூடையோடு எங்கள் தெருவுக்கு வந்த அவரிடம் கொடுத்தேன். கூடையை இறக்கிவைத்து, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். பேனா கேட்டு வாங்கி, என்னிடமிருந்த நகலில் பெற்றுக்கொண்டதாகத் தன் முழுப்பெயரையும் எழுதினார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "சங்கரா இருக்குதும்மா" என்று குரல் கொடுத்தார்.