கலைமணி கட்டிக் காத்த கோப்புகள்

கம்பைநல்லூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கலைமணிக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். தன் வார்டுக்குக் கவுன்சிலராக வேண்டும். அதற்காகத்தான் கட்சியின் 'மரபு காப்போர் தொண்டர் குழு'வுக்கு இத்தனை வருடம் உழைத்தார். உழைப்பு என்றால் வெயிலில் நின்றார், அடி வாங்கினார் என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். கூட்ட நடவடிக்கைகளை எழுதினார், அவ்வளவுதான்.

அந்தக் குழு எந்த மரபைக் காத்தது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கல்லூரிப் பெண்கள் பேருந்துக்கு நிற்கும்போது சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டித்தார்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது நம் பண்பாடு அல்ல என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த மாதமே குழுத் தலைவருக்குப் பிறந்தநாள் வந்தது. மூன்றடுக்குக் கேக் வாங்கி, ஆளுக்கு ஒரு கை கத்தியைப் பிடித்து, போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். கண்டனத்தையும் கேக்கையும் கலைமணி அடுத்தடுத்த பக்கங்களில் அதே அழகான கையெழுத்தில் எழுதிவைத்தார். அவருக்கு அதில் ஓர் உறுத்தலும் இல்லை.

பதினைந்து பேர் வராவிட்டால் அது கூட்டமே இல்லை என்பது மேலிடத்து விதி. கம்பைநல்லூரில் வருவதோ தலைவர், தலைவரின் மச்சான், டீ சூடாக இருக்கும்வரை உட்கார்ந்திருக்கும் இரண்டொரு பேர். மிச்சக் கூட்டத்தைக் கலைமணியின் பேனா கூட்டியது. அப்படிப் பெயர்களை அடுக்கும்போது அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதே வார்டுக்காரனான பச்சியப்பன். போர்வெல் லாரிக்கு ஏஜென்ட், எந்நேரமும் கர்நாடகாவில் கிடப்பவன். ஒரு தடவை போன் போட்டு, வந்ததாகப் பெயர் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "எத்தன தடவ வேணும்னாலும் போட்டுக்கங்கண்ணா, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து பச்சியப்பன் வராத கூட்டமே கிடையாது. வெறும் பெயரோடு விட்டால் மொட்டையாக இருக்கிறதே என்று, 'திரு. பச்சியப்பன் எழுச்சியுரை ஆற்றினார்' என்றும் ஒரு வரி சேர்த்துவிடுவார்.

தன் பெயரை மட்டும் எழுத மாட்டார். எழுதுகிறவன் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வது அசிங்கம் என்று அவராகவே ஒரு வழக்கம் உண்டாக்கி, அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். போட்டோ எடுப்பதும் அவர்தான் என்பதால் படங்களிலும் அவர் இல்லை. அடக்கத்துக்கே விளம்பரம் தேடுகிற மனிதர்.

பேரூராட்சித் தேர்தல் வந்தது. குழுக்களின் பழைய கோப்புகளையெல்லாம் தருமபுரியில் கொண்டுவந்து கொடுங்கள், உழைத்தவன் யார் என்று பார்த்துத்தான் சீட்டு என்று கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார். கலைமணிக்குத் தலைகால் புரியவில்லை. பீரோவில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த கோப்புகளை எடுத்துத் தூசி தட்டினார்.

"இந்தக் குப்ப வூட்ட வுட்டுப் போவுதே, அதுவே போதுங்க" என்றாள் மனைவி சோபனா.

"குப்பையா? சரித்திரம்டி இது!"

தருமபுரியில் பொறுப்பாளர் கோப்புகளை நிதானமாகப் புரட்டினார். கலைமணி கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க இந்தப் பச்சியப்பன்?"

கலைமணிக்குப் பகீரென்றது. "நம்ம பையன்தானுங்க."

"ஒரு கூட்டம் வுடாம வந்திருக்காரு. எல்லாத்துலயும் பேசியிருக்காரு. இப்பிடி ஒரு தொண்டன நான் பாத்ததே இல்லீங்க. உங்க வார்டுதானே? அவருக்கே குடுத்துரலாம்."

"அய்யா, அதெல்லாம் நான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். நானாக எழுதியது என்று சொன்னால், நடந்த கூட்டம் எத்தனை என்று அடுத்த கேள்வி வரும். குழுவையே கலைத்துவிடுவார்கள். தலைவர் தோலை உரித்துவிடுவார்.

"அதெல்லாம் நீங்க?"

"நான்... எழுதுனதுங்க."

"எழுத்து முத்து முத்தா இருக்குது. ஆனா உங்க பேரு ஒரு எடத்துலயும் காணமே. கூட்டத்துக்கெல்லாம் வர மாட்டீங்களா?"

கலைமணி பல்லைக் காட்டினார். வேறென்ன செய்வார்!

ஊர் திரும்பும் பேருந்தில் அவருக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் பொய் எழுதினோமே என்று அல்ல. அந்த வெட்கமெல்லாம் அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. எழுதியதுதான் எழுதினோம், அந்தப் பொய்யில் நமக்கும் ஓர் இடம் போடாமல் விட்டோமே என்றுதான் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. விஷயத்தைக் கேட்டதும் சோபனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் சித்ரதுர்காவிலிருந்து பச்சியப்பன் போன் செய்தான்.

"அண்ணா, சீட்டு எனக்காமுல்ல! எனக்கே இப்பத்தான் சொன்னாங்க. ஞாயித்துக்கெழம மேடையில பேசணுமாம். நான் இதுவரைக்கும் என்னென்ன பண்ணியிருக்கேன்னு ஒரு பக்கம் எழுதி வாட்சப்புல அனுப்புங்கண்ணா. உங்களுக்குத்தான தெரியும்!"

திட்டியிருக்கலாம். போனை வைத்திருக்கலாம். கலைமணி கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதினார். பச்சியப்பன் மழையில் நனைந்து மரபைக் காத்ததையும், கேக்கை எதிர்த்துக் கர்ஜித்ததையும் மனதாரவே எழுதினார். ஒரு பக்கம் கேட்டவனுக்கு மூன்று பக்கம் போனது.