முதல் பக்கத் திருத்தம்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் பத்திரிகை ஆசிரியர். ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'திருத்தம்'. வைத்தது யாரென்று தெரியாது. தெரிந்தால் கைகுலுக்குவேன்.

அத்தான் விளையாட்டுச் செய்தியில் தொடங்கி, நீதிமன்றப் படிகளில் செருப்பைத் தேய்த்து, தலை நரைத்த பிறகுதான் ஆசிரியர் நாற்காலிக்கு வந்தார். வந்ததும் ஒரு சட்டம் போட்டார். தப்பு எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வரவேண்டும். மற்ற பத்திரிகைகளில் திருத்தம் எறும்பு சைஸ் எழுத்தில் வானிலைக்குக் கீழே பதுங்கிக் கிடக்கும். எங்களுடையதில் கொட்டை எழுத்தில் மானம் கப்பலேறும். பிழை பார்க்கிற ஆள் நான் என்பதால், ஏறுவது பெரும்பாலும் என் மானம்தான்.

வீட்டிலும் இதே கூத்து. ஒருமுறை விருந்தாளிகள் முன்னால், காபியில் சர்க்கரை இல்லை என்று சொல்லிவிட்டார். அவர்கள் கிளம்பிப் போனபின் கடைசி மடக்கைக் குடித்தால், அடியில் அத்தனை சர்க்கரையும் இருக்கிறது. தெருமுனை வரை துரத்திப்போய் நிறுத்தி, "சர்க்கரை இருந்துச்சுங்க, நான்தான் கலக்கலை" என்று சொல்லிவிட்டு வந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட மனுஷர் ஆசிரியராக இருக்கும்போதுதான், ஆற்றுப் பாலத்துத் தூண்களில் விரிசல் என்று முதல் பக்கத்தில் செய்தி வந்தது. பாலம் கட்டிய காண்ட்ராக்டர் எங்கள் முதலாளிக்குச் சம்பந்தியாகப் போகிறவர். முதலாளி காலையிலேயே வந்து நின்றார்.

"செய்தி தப்புன்னு நாளைக்கே போடுங்க. இல்லேன்னா இந்த நாற்காலி உங்களுக்கு இல்லை."

"தப்பு இருந்தா கண்டிப்பா போட்டுடலாம் சார். பாத்துட்டு வரேன்."

அந்த நாற்காலி அவருக்கு உயிர். ஆள் இல்லாத நேரத்தில் அதன் கைப்பிடியைத் தன் கைக்குட்டையால் துடைப்பதை நானே பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலம் வரை முட்டியளவு சேற்றில் இறங்கித் தூண் தூணாகத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாப்ளே, நாம தப்புதான் பண்ணியிருக்கோம்."

பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்காலி தப்பியது என்று நினைத்தேன்.

மறுநாள் முதல் பக்கத்தில், அதே இடத்தில் வந்தது: "பாலத்தின் இரண்டு தூண்களில் விரிசல் என்று எழுதியிருந்தோம். தவறு. மூன்று. வருந்துகிறோம்."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு அந்த மூன்றாவது தூணைப் போய்ப் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்தியது. பாலத்தை மூடினார்கள். அத்தானையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். "உடல்நலக் குறைவால் ஆசிரியர் விலகினார்" என்று முதலாளி தன் கைப்பட எழுதி முதல் பக்கத்தில் போட்டார். நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்.

அடுத்த நாளே அத்தான் மாடியேறி வந்து, எனக்கு எதிரே, பார்க்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லே மாப்ளே. திருத்தம் போடணும்."

"போட்டா என் வேலையும் போயிடும் அத்தான்."

"போயிடும்" என்றார். அவ்வளவுதான். கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இந்த மனுஷரோடு சண்டைகூடப் போட முடியாது.

போட்டேன். "ஆசிரியர் விலகவில்லை, விலக்கப்பட்டார். அவர் பூரண நலத்துடன் இருக்கிறார். வருந்துகிறோம்." மறுநாள் முதலாளி காபி குடித்து முடிப்பதற்குள் நானும் அக்கா வீட்டில் இருந்தேன்.

அத்தான் பேப்பரைப் பிரித்துப் படித்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை படித்தார்.

"பூரண நலம்னு போட்டுட்டியே. சேத்துல நின்னதுலேர்ந்து எனக்கு முட்டிவலி இருக்கே மாப்ளே?"

"அத்தான், திருத்தம் போட இப்ப நம்மகிட்ட பேப்பர் இல்லே."

கொஞ்சம் யோசித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கினார். பேப்பர் வாங்குகிற ஒவ்வொரு வீட்டுப் படியாக ஏறி, "முட்டிவலி மட்டும் இருக்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

எதிர்வரிசை வீடுகளுக்கு நான் போனேன்.