தொப்புள் ஆறாத சுறா

கொம்பன் சுறாவை இல்லாமல் ஆக்கியது நீங்கள்தான். வெளிநாட்டு சூப்புக்கென்று செட்டையை வாங்கிக் கப்பல் ஏற்றினவர்களையும், ஈரலை வாங்கி எண்ணெய் காய்ச்சினவர்களையும் சொல்கிறேன். வேறு யாரையும் கை காட்ட வேண்டாம்.

இதைப் படிக்கிற உங்களைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று தென்காசி மீன் மார்க்கெட்டுக்குப் போய்வந்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. பெங்களூரில் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பால் பற்றவில்லையாம். "அம்மா, நீ செய்வியே சுறாப்புட்டு, மீன் வாங்கிட்டு வந்து இவளுக்குச் செஞ்சு குடேன்" என்று மகன் போன் செய்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் என்னை வா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. மீன் கிடைத்தால் போகலாம். சும்மா போய் நிற்பதற்கு அங்கே எனக்கு என்ன வேலை? சம்பந்தியம்மாள் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள்.

ஒரே ஒரு கடையில் சுறா இருந்தது. முழங்கை நீளம்கூட இல்லை. தலையை வெட்டி எடுத்திருந்தார்கள். "பால்சுறாதான் ஆச்சி, பச்சப்பிள்ளக்காரிக்கு நல்லது" என்றான் கடைக்காரத் தம்பி. ஒன்றைப் புரட்டி வயிற்றுப் பக்கம் பார்த்தேன். கீழே வைத்துவிட்டேன்.

"என்ன ஆச்சி, மீனுக்கு ஜாதகமா பாக்கீய?" என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் வாடை கையோடு வந்துவிட்டது. சுறாவின் வாடை மூக்கில் ஊசி வைத்துக் குத்தும், சோப்புக்கு மசியாது. என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் அந்த வாடையோடுதான் இலஞ்சிக்கு வந்து சேருவார். மீன் வியாபாரி இல்லை, தூத்துக்குடி பஸ்ஸில் கண்டக்டர். எதிர்வீட்டு செல்வமேரி அக்காவின் அண்ணன் கடலுக்குப் போகிறவர், தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஓலைப்பெட்டியைக் கொடுப்பார். இவர் அதைத் தன் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு வருவார். வழியெல்லாம் ஐஸ் உருகி ஒழுகும். "அண்ணாச்சி, உம்ம மீனுக்கு டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்களாம். ஒருத்தர் பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டாராம். எனக்காக அவர் அந்தக் கேலியெல்லாம் தாங்கினார்.

இந்த மகன் பிறந்து எனக்குப் பால் சுரக்காத சமயம் அது. அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள். வீட்டுக்காரர் விடிந்தால் பஸ். பிள்ளை கத்தும், கூட நானும் அழுவேன். ஒருநாள் சத்தம் பொறுக்காமல் அக்கா தெருவைத் தாண்டி வந்தாள். கடற்கரை ஊரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள்.

"ஏட்டி, அழுதா பாலு வருமா? கண்ணீருதான் வரும். எந்திரி, மூஞ்சியக் கழுவு."

சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, உப்புத்தாள் மாதிரி இருக்கிற தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் சின்ன வெங்காயமும் அள்ளிப் போட்டு வதக்குவாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். பால் வந்தது புட்டாலா, அவள் உட்கார்ந்திருந்ததாலா என்று இப்போது யோசிக்கிறேன்.

எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? குற்றாலத்தில் சாரல் காலத்தில் விழுவதுதான் நான் பார்த்த பெரிய தண்ணீர். பெட்டியில் எப்போதும் துண்டாகவே வந்ததால், சுறா கடலிலும் துண்டு துண்டாகத்தான் நீந்தும் என்று நினைத்திருந்தேனோ என்னவோ. ஆஸ்பத்திரியில் மீன் எண்ணெய் என்று மஞ்சள் மாத்திரை கொடுத்தார்கள். நாள் முழுக்க ஏப்பம். யாரிடமும் வாயைத் திறக்க முடியாது. அந்த எண்ணெய் சுறா ஈரலில் எடுப்பது என்று அக்காதான் சொன்னாள். "ஈரலுக்கு ஒருத்தன் வருதான், செட்டைக்கு ஒருத்தன் வருதான், படகுக்காரனுக்கு முன்பணமும் குடுக்கான். உடம்பக் கேக்கத்தான் நாதியில்ல. அதான் நமக்குச் சும்மா வருது" என்றாள்.

பிறகு ஒருநாள் முழு மீனாக வந்தது. சின்னச் சின்னதாக நாலு. தலை இரண்டு பக்கமும் சுத்தியல் மாதிரி நீண்டு, இரண்டு ஓரத்திலும் கண். அக்கா ஒன்றைப் புரட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்கன பாரு. தொப்புளு. இன்னும் ஆறல."

"மீனுக்குத் தொப்புளா? ஆளப் பாத்துக் கேலி பண்ணுதீயளா?"

"கொம்பன் முட்டை போடாதுட்டி. ஒன்ன மாதிரி கொடியோட வயித்துல வளத்துத்தான் பெறும். கரை ஓரமா வந்து குட்டி போடும். தாயையும் அங்கன வச்சே பிடிச்சிருப்பானுவ."

செட்டைகளுக்கு நடுவே சின்னக் கீறலாக இருந்தது. என் மகனுக்குத் தொப்புள் ஆறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அன்றைக்கும் அக்கா சமைத்தாள். நானும் சாப்பிட்டேன். பிள்ளைக்குப் பால் வேண்டும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். உங்களுக்கு எந்தப் பிள்ளை அழுதது? செட்டையை அறுத்துக்கொண்டு உடம்பைத் தூக்கிப் போட்டீர்களே, யார் பசிக்கு?

அப்புறம் பெட்டி வருவது குறைந்தது. பிடிக்கப் போனால் மீன் இல்லை என்று அக்காவின் அண்ணன் கடலை விட்டார். அக்கா குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய், அங்கேயே இறந்தும்போனாள். என் வீட்டுக்காரரும் இல்லை. எதிர்வீட்டை இப்போது சீசனுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்து ஈரத்துணியைக் காயப்போடுகிறார்கள், மறுநாள் கிளம்பிவிடுகிறார்கள். ஒருத்தர் முகமும் எனக்கு மனதில் நிற்பதில்லை.

ராத்திரி மகனுக்குப் போன் செய்தேன். "கிடைக்கலப்பா. இருந்தது எல்லாம் தொப்புள் ஆறாத குட்டி."

"சரிம்மா, விடு. டாக்டர் பவுடர் எழுதிக் குடுத்துட்டாங்க. நீ எதுக்கு இவ்வளவு தூரம் அலையணும்? பிள்ள பெருசானதும் நாங்களே வாறோம்."

என் நல்லதுக்குத்தான் சொன்னான். எடுத்து வைத்திருந்த இரண்டு சேலைகளையும் திரும்ப பீரோவில் வைத்தேன்.

ஏற்றுமதிக்காரர்களே, எண்ணெய்க்காரர்களே, உங்கள் சங்கங்களுக்கு மேடையும் மைக்கும் உண்டு. அதில் ஏறி நின்று சொல்லுங்கள். குட்டி போடக் கரைக்கு வந்த தாயைப் பிடிக்கச் சொல்லி முன்பணம் கொடுத்தது உங்களில் யார்? தனியாக என் காதில் வந்து சொல்ல வேண்டாம். பேரைச் சொல்லி, ஊர் கேட்கச் சொல்லுங்கள்.