மூன்று தட்டினால் இரண்டு

முந்நூறு வயது மரம் ஒன்றின் விலை பதினோராயிரம். பேரம் பேசி வாங்கியவன் நான். நடந்ததைத்தான் சொல்கிறேன். கதை கட்டினால் எனக்கு என்ன லாபம்?

விற்றது மலையடிவார ஊரின் காட்டுக் குழு. ஒரு சுள்ளியை ஒடிக்க ஒன்பது பேர் கூடித் தீர்மானம் போடும் மேதைகள். மாலை ஐந்துக்குள் மரத்தைச் சாய்க்காவிட்டால் மரமும் இல்லை, பணமும் இல்லை. வெட்டுமுன் கோடாரியின் மொட்டைப் பக்கத்தால் மூன்று முறை தட்ட வேண்டுமாம். மரம் விழும் தூரத்தில் யாராவது விறகு பொறுக்கினால், பக்கத்து மரத்தில் இரண்டு தட்டிப் பதில் சொல்வார்களாம். அவரை அப்புறப்படுத்திய பிறகே வெட்ட வேண்டுமாம். வெட்டிப்பயல்களிடம் விதிகளுக்கா பஞ்சம்!

4:10. என் மச்சினன் மூன்று தட்டினான்.

டொக்... டொக்.

எங்கோ கீழேயிருந்து.

"ஆள் இருக்கு மாமா."

"ஓசி விறகுக்கு அலையுற கூட்டம். சும்மா தட்டு."

4:22. மறுபடி தட்டினான். பதில் பத்தடியில் கேட்டது. அங்கே மரமே இல்லை... முழங்கால் உயரப் புல்தான்.

"மாமா, போயிரலாம்."

"பதினோராயிரத்தை உங்கப்பனா குடுப்பான்?"

புல்லைப் பார்த்துக் கத்தினேன். "டேய், ஒளிஞ்சு விளையாடற வயசா இது? வா, என்கூடவே வா!"

புல் அசையவில்லை. காற்றில்கூட.

4:31. கோடாரியைப் பிடுங்கினேன். தட்டவில்லை. ஓங்கினேன்.

டொக்... டொக்.

மரத்திலிருந்து அல்ல.

என் கைக்குள்ளிருந்து.

கோடாரிக் காம்பிலிருந்து...

போட்டுவிட்டு ஓடினோம்.

4:55. காட்டு வாசலில் அன்றைய காவல் முறை ஓர் அக்காவுக்கு. மடியில் நோட்டு.

"மரம் விழவே இல்லையே? பணம் திரும்பாது, சொல்லிட்டேன்."

"நீங்களே வச்சுப் பொங்கித் தின்னுங்க. உள்ள யாரு அது, தட்டி விளையாடுறது?"

"உள்ளயா? இன்னிக்குக் காட்டுக்கு லீவு. உங்களைத் தவிர யாரையும் விடல."

சொல்லிக்கொண்டே எழுதினாள். எட்டிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. எண்ணக்கூடத் தெரியாத ஊர்!

"அக்கா, திருத்துங்க. நாங்க ரெண்டு பேரு."

"எண்ணித்தான் எழுதுறேன். உங்க சட்டையைப் புடிச்சுக்கிட்டே வந்தவரு, இப்பத்தானே உங்க வண்டியில ஏறுனாரு?"

மச்சினன் என் பக்கத்தில் நின்றிருந்தான். வண்டிப் பக்கம் நாங்கள் திரும்பவில்லை.

நோட்டில் மை காயவில்லை.

உள்ளே: 2. வெளியே: 3.