பதினாறாவது குடம்

நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்க போய் அந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்துட்டு வந்து எங்கிட்டப் பேசுங்க. 1995 ஏப்ரல்ல, உக்கடத்துப் பக்கம் எங்க தெருவுல, பட்டப்பகல்ல நடந்தது இது. அதே தெருவுல இருக்கற ராமாமணியக்கா அவங்க வாயாலயே சொன்னது.

தெருவைப் பத்திச் சொல்லிப்போடறேன். ஒரு பக்கம் லேத்துப் பட்டறை, எதுத்தாப்புல தாஜுன்னிசாம்மா தையல் கடை, நடுவுல பஸ் ஸ்டாண்டுக்கு ஓடற கூட்டம். இத்தனைக்கும் ஒரே ஒரு கார்ப்பரேசன் குழாய். நாலு நாளைக்கு ஒருக்கா, மூணு மணிக்குத் தண்ணி. ஆள் நிக்க வேண்டாம், வரிசையில குடம் நின்னாப் போதும். அடுத்தவங்க குடத்தை யாரும் நகர்த்தக் கூடாது. அப்படித்தான் பேச்சு.

அப்ப அக்கா மக பூஜிதாவுக்கு அம்மை. ஏழு வயசுப் புள்ள. அன்னிக்கு வேப்பிலைத் தண்ணி தலைக்கு ஊத்தியாகோணும். ஊட்டுல சொட்டுத் தண்ணி இல்லை. அக்கா ரெண்டு மணிக்கே போய் முதல் குடமா வெச்சாங்க.

வெங்கடலட்சுமி வந்தாங்க. தெருவுல பழைய குடும்பம், அந்த மெதப்பு. "ஏனுங்க அம்மணி, அம்மை கண்ட ஊடு. கடைசில நில்லுங்க." வாயில என்னமோ மரியாதைதான். காலால அக்கா குடத்தைத் தள்ளிக்கிட்டே போய்ப் பதினஞ்சாவதா உட்டாங்க. கடைசிக் குடத்துக்கு என்னிக்குத் தண்ணி கிடைச்சிருக்குது?

மூணு மணி... தண்ணி வரலை. மூணேகால்... வரலை. குடத்தை வரிசையிலயே உட்டுப்போட்டு எல்லாரும் ஊட்டுக்குப் போயிட்டாங்க. அக்கா மட்டும் நகரலை.

மூணு இருபது. அக்கா குடத்துக்குப் பின்னாடி ஒரு மண்குடம். பதினாறாவது. வாயில வேப்பிலைக் கொத்து. வெச்சவங்களைக் காணோம்.

அக்கா தையல் கடைக் கடிகாரத்தைப் பார்த்துட்டுத் திரும்பினாங்க. மண்குடம் எட்டாவதா இருந்துச்சு.

லேத்துச் சத்தம் நின்னுபோச்சு. ஹாரன் சத்தமும் இல்லை.

மூணு இருபத்திநாலு. மண்குடம் குழாயடியில... முதல்ல.

அக்கா நேராப் போய் அந்த மண்குடத்தைப் புடிச்சாங்க. "நீங்க யாரா வேணா இருங்க. ஏற்கெனவே என்னைத் தள்ளிப்போட்டாங்க. நீங்களும் தள்ளாதீங்க. எம்புள்ளைக்குத் தண்ணி இல்லாம நான் நகர மாட்டேன்."

ஜில்லுனு ஒரு கை... மணிக்கட்டுல.

புடிச்சுது... உட்டுருச்சு.

சொட்... சொட்...

குழாய்ல தண்ணி. அதுக்கடியில அக்காவோட குடம். மண்குடத்தைக் காணோம்.

அன்னிக்கே புள்ளைக்குத் தலைக்கு ஊத்திட்டாங்க.

மறுநாள் தண்ணி தொறந்து உடற வரதராஜுலு வந்தாரு. "நேத்து உங்க தெருவுக்குத் தண்ணியே உடலீங்க. வால்வு உடைஞ்சுபோச்சு."

தாஜுன்னிசாம்மா மிஷினை நிறுத்தினாங்க. "குழாய் இருக்கற எடத்துல முன்னே கிணறு இருந்துச்சு. அம்மை கண்ட ஊடுன்னு ஒருத்தியைப் பொழுது சாயற வரைக்கும் கடைசில நிக்க வெச்சாங்களாம். அதுக்குள்ள புள்ள போயிருச்சு. மண்குடத்தோட கிணத்துல குதிச்சுட்டா. அப்புறந்தான் மூடினாங்க."

அடுத்த முறைக்கு ராமாமணியக்கா ரெண்டு மணிக்கு ரெண்டு குடத்தோட போனாங்க. காலி மண்குடம் முதல்ல, தன்னோடது ரெண்டாவது. வெங்கடலட்சுமி காலைத் தூக்கினாங்க.

"தள்ளிப் பாருங்க," அக்கா சொன்னாங்க.

வெங்கடலட்சுமி குனிஞ்சு மண்குடத்துக்குள்ள பார்த்தாங்க. தூக்கின கால் அப்படியே நின்னுபோச்சு. தண்ணி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு. மண்குடம் தளும்பிக்கிட்டு இருந்துச்சு.