தண்ணீருக்கு நின்ற வீடுகள்

எங்கள் ஊரில் ஆம்பிளைக்குச் சொந்தமாக ஒரு செங்கல்லும் கிடையாது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது வீட்டையும் அவள் பேருக்கு எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு அங்கே போய் இருக்க வேண்டியதுதான். நானும் அப்படித்தான் கல்முனைக்குப் பக்கத்தில், கடலுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவிலுள்ள இந்தக் குறுந்தெருவுக்கு, எங்கள் பேச்சில் ஒழுங்கைக்கு, வந்து சேர்ந்தேன். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. அப்படியிருந்தும் நாங்கள் சில ஆம்பிளைகள் கூடி, பழைய வீடுகளைக் காப்பாற்றுகிறோம் என்று புறப்பட்டோமே, அந்தக் கதைதான் இது.

ஒழுங்கையின் ஒரு பக்கம் முழுக்க ஓட்டு வீடுகள். ஒரு முழ அகலத்தில் சுண்ணாம்புச் சுவர், விறாந்தையில் முதிரை மரத் தூண்கள். அடுத்தடுத்த வீடுகளில் அக்கா தங்கச்சிமார். பின்வேலியில் ஆள் நுழைகிற கடப்பு ஒன்று விட்டிருப்பார்கள். தெருவுக்கு வராமலே பெண்கள் ஒழுங்கையின் ஒரு தலையிலிருந்து மறுதலைக்குக் கதைத்துக்கொண்டே போய் வருவார்கள். சுனாமி வந்த அன்று கரையோர வீடுகள் இருந்த இடமே தெரியாமல் போயின. எங்கள் வரிசையில் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறி நின்று, இறங்கிப் போனது. சுவர் அசையவில்லை. "தண்ணிக்கு நிண்ட ஊடு" என்று அதற்குப் பிறகு ஊரே சொல்லும்.

தண்ணீருக்கு நின்றவை காசுக்கு நிற்கவில்லை. முதலில் மூலை வீடு போய், அந்த இடத்தில் கண்ணாடி முகப்போடு ஒரு மாடிப் புடவைக்கடை எழும்பியது. பிறகு அதற்கடுத்த வீடு. அப்போதுதான் எங்களுக்கு ரோசம் வந்தது. எனக்கு மெயின் ரோட்டில் சீமெந்து, ஆணி, கம்பி விற்கிற கடை. நான் இந்த வேலையில் இறங்கினேன் என்று கேள்விப்பட்டதும் தேத்தண்ணிக் கடையில் எனக்குத் தம்பி முறையான ஒருவர், "சீமெந்து விக்கிற மனிசன் சுண்ணாம்புச் சுவரக் காப்பாத்தப் போறாராம். கடய மூடிட்டுப் போங்க காக்கா, எல்லாம் தானாக் காப்பாத்துப்படும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வாசிகசாலையில் கூட்டம் வைத்தோம். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற வேலையில் இருந்த ஒரு பிள்ளையை அழைத்திருந்தோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், வெளியூரில் படித்து உத்தியோகத்துக்கு வந்தவள். நாங்கள் ஒவ்வொருவராக எழும்பி மார்பைத் தட்டிக் கதைத்தோம். "என்ட மூச்சு இரிக்கும் வரைக்கும் ஊட்டுல கை வைக்க விடமாட்டன்" என்று நான் சொன்னதாக ஞாபகம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்த பிறகு அந்தப் பிள்ளை கேட்டாள்:

"ஊட்டுக்காரர் ஒருத்தரும் வரல்லயா?"

"நாங்கதான், மகள், ஊட்டுக்காரர்."

"இல்ல சாச்சா, ஊட்டு உறுதிப் பத்திரம் ஆர்ட பேர்ல இரிக்கி?"

ஒருவர் தொண்டையைச் செருமி, "என்ட பொண்டாட்டிட பேர்ல" என்றார். அடுத்தவர், "எனக்கு மகள்ர பேர்ல. போன வருசம்தான் எழுதின." இன்னொருவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "மாமி இன்னும் எழுதித் தரல்ல" என்றார். முப்பது வருசமாக அந்த வீட்டில் சோறு தின்கிற மனிதர். பின்வரிசைப் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அப்ப நாம எல்லாரும் வாடகைக்கு இரிக்கிற ஆக்கள்தான்" என்றது. கூட்டம் சிரிப்போடு கலைந்தது.

அந்தப் பிள்ளை விடவில்லை. அடுத்த கிழமை எங்கள் பின்வளவுக்கு வந்து பெண்களோடு பாயில் உட்கார்ந்தாள். நான் கிணற்றடியில் ஏதோ வேலை இருப்பதுபோல் நின்றுகொண்டேன். அடுத்த வீட்டிலிருக்கும் என் மனைவியின் அக்கா, அவளுக்கு ராத்தா, எனக்கு மதினி, முந்திக்கொண்டு சொன்னார்: "என்ட ஊட்ட நான் இடிக்கமாட்டன் மகள். எனக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ள, பொண்டாட்டிமார்ர ஊட்டுக்குப் போயிட்டானுகள். ஆருக்குக் கட்டிக் குடுக்க நான் இடிக்கிற? இதுக்குள்ளயே மௌத்தாகிப் போறன்."

என் மனைவி வெற்றிலையை மடித்தபடியே சொன்னாள்: "ராத்தாக்கு வாய் இரிக்கி, கதைக்கலாம். எனக்கு ரெண்டு பொம்புளப் புள்ள. மூத்தவளுக்குப் பேசி முடிஞ்சி. ஒரு ஊட்ட ரெண்டாப் பொளந்து குடுக்கேலுமா? இந்தச் சுவருக்கு மேல ஒரு மாடி எழுப்பேலும் எண்டு செல்லுங்க, நான் ஒரு ஓட்டயும் தொடமாட்டன்."

"இந்தச் சுவர் தாங்காது மாமி."

"அப்ப காணி தாங்க. முன்னுக்குக் கடல், பின்னுக்கு வயல். வயல நிரப்பினாலும் சட்டப்படி பிழை எண்டுறீங்க."

அந்தப் பிள்ளை கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "உனக்கு எவடத்துல ஊடு கட்டின மகள்?" என்று மதினி கேட்டார். "உம்மாட ஊட்ட இடிச்சித்தான், மாமி. நான் மேல் மாடில" என்றாள்.

மழை விட்டதும் எங்கள் வீட்டை இடிக்கப் பெக்கோ இயந்திரம் வந்தது. அதற்கு முன்பே பொத்துவில் பக்கத்திலிருந்து ஒரு வியாபாரி வந்து, தூண்களையும் கதவு நிலைகளையும் கழற்றி லொறியில் ஏற்றிப் போனார். வெள்ளைக்காரர் தங்குகிற ஹோட்டலில் நிறுத்தப் போகிறார்களாம். சுவர் விழுகிற சத்தம் இரண்டு நாள் கேட்டது. கடலே தள்ளிப் பார்த்துவிட்டுப் போன சுவர், இலேசில் விழவில்லை. மனைவி வெளியே வரவில்லை. மதினியின் குசினியில் இருந்து, ஒரே தேங்காயைத் திருவிக்கொண்டேயிருந்தாள்.

புது வீட்டுக்குச் சீமெந்து என் கடையிலிருந்துதான் போனது. அத்திவாரத்தை உயர்த்திக் கட்டினோம். எல்லாரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். ரோட்டையும் கொங்கிறீற்று போட்டு உயர்த்தியாயிற்று, வாய்க்காலை மூடி அதன்மேல் மதில் எழும்பியாயிற்று. மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். வரிசையில் இருந்த மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொன்றிலும் ஒரு மகள் இருந்தாள். கடப்புகள் அடைபட்டன. அக்காவைப் பார்க்கத் தங்கச்சி இப்போது தெருவால் சுற்றிப் போகிறாள்.

மதினியின் வீடு மட்டும் நின்றது, குழிக்குள் நிற்பதுபோல. அடுத்த மாரி மழையில் ஒழுங்கையின் தண்ணீர் முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்தது. எங்கள் கூரைத் தண்ணீரும்தான். கணுக்காலளவு நீரில் நின்று சோறு ஆக்கினார். என் மனைவி அழுதுகொண்டே, "எங்கட ஊட்ட வாங்க ராத்தா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "நீ என்னகா செய்வாய், பொம்புளப் புள்ளப் பெத்தவ" என்றாரே தவிர, வரவில்லை.

மழை முடிந்ததும் மகன்மாரைக் கூப்பிட்டு, வீட்டுக்குள்ளேயே கிறவல் மண் கொட்டித் தரையை உயர்த்தினார். அடுத்த மாரிக்கும் தண்ணீர் வந்தது. இன்னொரு தரம் கொட்டினார். இப்போது ஜன்னல் கட்டை முழங்காலுக்கு வருகிறது. வாசலில் நிலை இடிக்கும், குனிந்துதான் போகவேண்டும். போன கிழமை போனேன். குர்ஆன் வைக்கிற தட்டு தோளுக்கு மேலே இருந்தது, இப்போது இடுப்பளவில் இருக்கிறது. உட்காரச் சொல்லி ஜன்னல் கட்டையைக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது, பெஞ்சு மாதிரி.

தொழுகிற அறை பின்பக்கச் சாய்ப்பு, கூரை தாழ்வு. மதினி அதற்குள் போய்த் தலைக்கு மேலே கையை வைத்து ஓடுகளைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மாரிக்கும் ஒரு லோட் போடணும் மச்சான். போட்டா மறுகா இதுக்குள்ள நிண்டு தொழ ஏலா. குந்தியிருந்துதான் தொழணும்."

எந்தக் கிறவல் நல்லது என்று கேட்டார். சொன்னேன்.